துர்த்துக்: எல்லை நகர்ந்த ஊர்

குடிகள் இடம்பெயர்ந்து எல்லையைக் கடத்தல் உலக வழக்கு. குடிகள் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லை அவர்களைக் கடந்து செல்லுதல் அரிதாக நிகழ்வது. லடாக்கின் வடமேற்கு மூலையிலே, காரக்கோரம் மலைகளினூடே பாயும் சையொக் ஆற்றங்கரையில் அமைந்த துர்த்துக் என்னுஞ் சிற்றூர் அவ்வரிய நிகழ்ச்சிக்குச் சான்றாயுள்ளது.

இவ்வூரார் பல்த்தி இனத்தவர், இசுலாமியர். இவர்தம் மொழியோ திபெத்திய மொழிக் குடும்பத்தது. லாசா நகரத்துப் பேச்சில் மறைந்துபோன பழைய மெய்யொலிகள் பலவற்றை அது இன்றும் பேணி வருதலின், மொழிநூலார் அதனைப் பெரிதும் மதிப்பர்.

இமயத்தின் மழைமறைவுப் பகுதியாதலால் இங்கு வான்மழையை நம்பி வித்திடுவாரில்லை. பனியுருகி வரும் ஓடைநீரை வாய்க்கால்களாற் பிரித்து, படிப்படியாகக் கட்டிய வயல்களுக்குப் பாய்ச்சுகின்றனர். வாய்க்கால் எட்டும் இடம் பசுமை. அதற்கு ஒரு முழம் அப்பால் வெறுங் கற்பாறை. ஏறக்குறைய 11,500 அடி உயரத்திலுள்ள லே நகர்ப்புறத்தில் ஆண்டுக்கு ஒரு விளைவே கிடைக்க, 10,000 அடியளவினதாகிய துர்த்துக்கில் இரண்டு விளைவு கிடைக்கின்றது. வாற்கோதுமையைக் கோடையின் நடுவில் அறுத்து, அதே வயலில் விரைந்து விளையும் பக்வீற் தானியத்தை விதைத்துப் பனிக்கு முன் அறுத்துவிடுவர். அப்பிரிக்கொட் மரங்கள் வீடுதோறும் உள. அவற்றின் பழத்தைக் கூரைமேல் உலர்த்திக் குளிர்காலத்துக்கு வைப்பதோடு, பருப்பிலிருந்து எண்ணெயும் எடுப்பர். கோடையில் வெண்ணெயும் இறைச்சியும் கெடாதிருக்க, கற்களை இடைவெளிவிட்டு அடுக்கிக் குளிர்காற்றுப் புகும்படி கட்டிய சிற்றறைகளும் உண்டு; அவற்றை 'நங்சுங்' என்பர். மின்சாரம் வேண்டாத குளிர்ப்பெட்டி அது!

உழவு தனித்து நிற்பதன்று. யாக் எருதுக்கும் பசுவுக்கும் பிறக்கும் கலப்பினத்தின் ஆண் ஏரிழுக்கும். பெண் பால் தரும். கோடையில் இவற்றையும் ஆடுகளையும் மலைமேலுள்ள புற்றரைகளுக்கு ஓட்டிச் சென்று, அங்கேயே தங்கி வெண்ணெய் கடைவர். பயிர் நிற்குங் காலத்தில் மந்தை மேலே இருப்பதால் வயல் காக்கப்படுகின்றது. குளிர்காலத்தில் தொழுவத்திற் சேரும் எரு, மண்வளங் குன்றிய அவ்வயலுக்கு மறுபடியும் சென்று சேர்கின்றது. மருதமும் முல்லையும் ஒரே குடும்பத்தின் இரு கைகள் போலத் தொழிற்படுகின்றன என்க.

இவ்வொழுங்கு மாறாதிருக்க, ஆட்சிகள் மாறின. கப்பலு அரசரின் கீழிருந்த இப்பகுதி, 1840இல் சொராவர் சிங்கின் படையெடுப்பால் டோக்ரா மன்னர் வசமாயிற்று; 1947-48ஆம் ஆண்டுப் போரின்பின் பாக்கிஸ்தான் பக்கத்ததாயிற்று. 1971 டிசெம்பரில், நுப்ரா பள்ளத்தாக்கினரான செவாங் ரிஞ்சன் தலைமையிற் சென்ற இந்தியப் படை துர்த்துக்கையும் அயலூர்களான சலுங்கா, தியாக்சி, தாங் என்பவற்றையும் கைப்பற்றியது. 1972இன் சிம்லா ஒப்பந்தத்தின்படி வகுக்கப்பட்ட கட்டுப்பாட்டுக் கோடு தாங் என்னும் ஊருக்கு அப்பால் விழுந்தது. 1947க்கு முன் பிறந்த முதியவரொருவர் தம் வயலை விட்டகலாமலே மூன்று ஆட்சிக்குக் குடியாயினார்.

போர் நிகழ்ந்த நாட்களிற் கல்விக்காகவோ வேலைக்காகவோ வெளியே சென்றிருந்தோர் நிலைதான் இரங்கத்தக்கது. அவர்கள் கோட்டின் மறுபுறத்தில் நின்றுவிட்டனர். கணவனை மனைவியும், மகனைத் தாயும் பல்லாண்டு காணாதிருந்த குடும்பங்கள் பல. கப்பலுவோ அதே ஆற்றின் கீழ்ப்புறத்தில், பழைய வழியே சென்றால் அண்மையிலேயே உள்ளது. ஆயினும் அங்குள்ள உறவினரைக் காண விரும்பியவர், கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் பெற்று, 200 கிலோமீற்றருக்கு மேல் எதிர்த்திசையில் லே சென்று, பஞ்சாப்பின் அட்டாரி எல்லைவாயில் வரை இறங்கி, மறுநாட்டினூடே மீண்டும் வடக்கே மலையேற வேண்டியிருந்தது. கைபேசி வந்தபின் முகத்தையேனும் திரையிற் பார்க்க முடிந்தது.

1999ஆம் ஆண்டுக் கார்க்கில் போரின்போது இப்பகுதியிலும் போர் நிகழ்ந்தது. 2010இல் வெளியார் வந்து பார்க்க அனுமதி கிடைத்ததன் பின், உழவரிற் சிலர் தம் வீடுகளையே விடுதிகளாக்கினர். வருவோர் அப்பிரிக்கொட் தோட்டங்களையும் தொலைவிலுள்ள காவலரண்களையும் பார்த்துச் செல்கின்றனர். அட்டாரி வாயிலை மூடும்படி இந்திய அரசு 2025 ஏப்பிரலில் ஆணையிட்டபோது, அந்தச் சுற்றுவழியும் அடைபட்டது.