மிகக் குறுகிய வலையும் உயிரின் கணக்கும்

பக்க நீளம் 1 அலகான சதுரமொன்றின் நான்கு உச்சிகளையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டுவலை யாது? மூன்று பக்கங்களால் இணைத்தால் 3 அலகு வேண்டும். இரு மூலைவிட்டங்களால் இணைத்தால் ஏறத்தாழ 2.83. சதுரத்தினுள்ளே புதிதாக இரு புள்ளிகளை இட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று கோடுகள் 120 பாகையிற் சந்திக்குமாறு வரைந்தால் 2.73 அலகே போதும். ஸ்ரைனர் பிரச்சினை என வழங்கும் இக்கேத்திரகணித வினாவின் சாரம் இதுவே: புள்ளிகளைக் கூட்டினால் நீளம் குறையலாம். 120 பாகையிலும் மாயமில்லை. மூன்று சமமான இழுவிசைகள் சமநிலையில் நிற்கும் கோணம் அது.

குருதிக்கலன்களின் கிளைகளைக் காண்பவர் இவ்வலையை நினைப்பது இயல்பே. ஆனால் கலன்கள் கோடுகளல்ல. அவற்றுக்குத் தடிப்பு உண்டு. ஒடுங்கிய கலனிற் குருதியைத் தள்ள மிகுந்த வேலை வேண்டும். அகன்ற கலனை நிரப்பும் குருதியைப் பேணுவதற்கும் செலவுண்டு. 1926இல் உடற்றொழிலியலாளர் மறே இவ்விரு செலவுகளின் கூட்டுத்தொகையை இழிவாக்கினார். தாய்க்கலனின் ஆரையின் கனம், சேய்க்கலன்களின் ஆரைகளின் கனங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்பது அவர் கண்ட விதி. தடித்த கலன் கூடுதலாக இழுப்பது போலாகிவிடுவதால், ஒத்த இரு கிளைகளுக்கிடையிலான கோணம் 120 அன்று, ஏறத்தாழ 75 பாகை. எதனை இழிவாக்குகிறோம் என்பது மாறியதும் கேத்திரகணிதமே மாறிவிடுகிறது. ‘இயற்கை சிக்கனமானது’ என்று பொதுப்படக் கூறுவோர் இவ்விடத்தைத்தான் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்.

மிகக் குறுகிய வலையில் வளையம் இருக்க முடியாது. வளையமொன்றின் ஒரு கோட்டை அகற்றினாலும் இணைப்பு அறாது, நீளமோ குறையும். எனினும் பெரும்பாலான பூக்குந்தாவர இலைகளின் நரம்புகள் வளையங்களால் நிறைந்தவை. அவ்வாறாயின் இலை வீண்செலவு செய்கிறதா? வளையமற்ற வலையில் ஒரு கோடு அறுந்தாலும் ஒரு பகுதி துண்டிக்கப்படும். பூச்சி கடித்த இலையில் நீர் வேறு வழியாகச் சுற்றிச் செல்கிறது. சேதத்தையோ மாறும் நீர்த்தேவையையோ கணக்கிற் சேர்த்தால் வளையங்களே உகந்த அமைப்பாகின்றன என்பதை 2010இல் வெளிவந்த மாதிரியுருக்கள் காட்டின.

அதே ஆண்டில் யப்பானிய ஆய்வாளர் பைசாரம் என்னும் சளிப் பங்கசைச் (பெயர்தான் அப்படி, அது பங்கசு அன்று) சோதித்தனர். ரோக்கியோவையும் அயல் நகரங்களையும் குறிக்க 36 உணவுத் துணுக்குகள் வைக்கப்பட்டன. மூளையோ நரம்போ இல்லாத அவ்வுயிரி அவற்றை இணைத்து அமைத்த குழாய்வலை, செலவிலும் சேதந்தாங்கும் திறனிலும் அங்குள்ள புகையிரதப் பாதைகளுக்கு ஒப்பாயிருந்தது. ஸ்ரைனர் வலையை விட அது நீளமானது. அந்த மிகை நீளமே சேதத்துக்கெதிரான அதன் காப்பு.