சாக்ஸை உள்பக்கம் திருப்பிப் பாருங்க!

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது வீட்டில் ஒரு பட்டியல் தயாராகும். நோட்டு, பேக், சீருடை, ஷூ... எல்லாவற்றையும் அப்பாவும் அம்மாவும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். கடைசியில் கடைக்காரர், "சாக்ஸ் எத்தனை ஜோடி போடட்டும்?" என்பார். "ரெண்டு போடுங்க" என்போம். அவ்வளவுதான்! அது எதில் செய்தது, உள்ளே எப்படி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஆனால், காலையில் மாட்டியதிலிருந்து சாயங்காலம் வரை உங்கள் பாதத்தோடு ஒட்டிக் கிடப்பது இந்த சாக்ஸ்தான். நம் இரண்டு பாதங்களிலும் சேர்த்து சுமார் 2,50,000 வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஷூவுக்குள் காற்று போக வழியில்லை. அந்த வியர்வை முழுவதையும் சமாளிக்க வேண்டியது ஒரு மெல்லிய பின்னல் துணி. அது சரியில்லை என்றால் கொப்புளம், அரிப்பு, விரல் இடுக்கில் சேற்றுப்புண் என்று வரிசையாக வரும்.

கடைக்குப் போனால் மூன்று வகை கண்ணில் படும். ஒன்று, ரோட்டோரத்தில் மூன்று ஜோடியாகக் கட்டி விற்பது. இரண்டாவது, சீருடைக் கடையில் உங்கள் பள்ளியின் நிறத்தில், மேலே கோடு போட்டு வருவது. மூன்றாவது, பெரிய கம்பெனி பெயரோடு பளபளக்கும் அட்டையில் மாட்டித் தொங்குவது. மூன்றுக்கும் விலையில் ஏகப்பட்ட வித்தியாசம். எது நல்லது?

பெயரை வைத்துச் சொல்ல முடியாது. ஏன் தெரியுமா? பெயர் போட்டு விற்கும் பல கம்பெனிகள் சொந்தமாக சாக்ஸ் பின்னுவதில்லை. பின்னும் ஆலைகளுக்கு ஆர்டர் கொடுத்து வாங்கித் தங்கள் பெயரைப் போட்டுக் கொள்கின்றன. ஒரே ஆலை நாலு கம்பெனிக்குப் பின்னிக் கொடுப்பதும் உண்டு. அதனால் அட்டையை விட்டுவிட்டு சாக்ஸைப் பார்ப்போம்.

முதலில், அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 'பருத்தி 75%, நைலான் 22%, ஸ்பான்டெக்ஸ் 3%' என்பது போல இருக்கும். பருத்தி வியர்வையை உறிஞ்சும், தோலுக்கு இதம். ஆனால் உறிஞ்சிய ஈரத்தை லேசில் விடாது. நைலான் தேயாமல் உழைக்கும், சீக்கிரம் உலரும். ஆனால் அதுவே அதிகமானால் கால் கசகசக்கும். ஸ்பான்டெக்ஸ், இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் ரப்பர் போன்ற நூல். இதை 1958ல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியல் அறிஞர் கண்டுபிடித்தார். முன்பெல்லாம் சாக்ஸ் கீழே இறங்காமல் இருக்க, பலர் கெண்டைக்காலில் பட்டி கட்டிக் கொள்வார்கள்!

'நூறு சதவீதம் பருத்தி' என்று எழுதியிருக்கிறதா? இழுத்துப் பாருங்கள். நன்றாக நீண்டு 'டப்' என்று சுருங்கினால், உள்ளே வேறு ஏதோ நூலும் இருக்கிறது என்று அர்த்தம். பருத்திக்குத் தானாக அப்படிச் சுருங்கத் தெரியாது.

இப்போது 'மூங்கில் சாக்ஸ்' என்று ஒன்று வருகிறது. தொட்டால் பட்டுப் போல வழுவழுப்பாக இருக்கும், பொய்யில்லை. ஆனால், இதில் பெரும்பாலானவை, மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழையாக்கிய விஸ்கோஸ் நூல்தான். 2009ல் அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற அரசு அமைப்பு, இப்படிப்பட்ட துணியை வெறும் 'மூங்கில்' என்று விற்ற சில கம்பெனிகள் மீது நடவடிக்கை எடுத்தது. 'ரேயான் என்று எழுது' என்றது. விஸ்கோஸ் நனைந்தால் பலம் குறைந்து போகும் என்பதையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். தினமும் துவைபடும் பள்ளி சாக்ஸ் ஆயிற்றே!

சரி, இப்போது சாக்ஸை உள்பக்கம் திருப்புங்கள். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

உங்கள் சட்டைத்துணி, குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓட்டி நெய்தது. சாக்ஸ் அப்படியல்ல, திருப்பூர் பனியனைப் போல, வளையம் வளையமாகக் கோத்துப் பின்னியது. பின்னும் எந்திரம் ஓர் உருளை. அதைச் சுற்றி 144, 168, 200 என்று ஊசிகள் நிற்கும். ஊசி அதிகமானால் பின்னல் நெருக்கமாகும். நூல் போடப் போட, மேல் பட்டியில் தொடங்கி ஒரு குழாயாக சாக்ஸ் இறங்கி வரும். சில நிமிடங்களில் ஒன்று தயார்.

கையால் பின்னிய காலத்தில் இதற்கு நாள் கணக்கில் ஆகும். இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார்தான் 1589ல் முதல் பின்னல் எந்திரத்தைச் செய்தார். ராணி முதலாம் எலிசபெத் அதற்குக் காப்புரிமை தர மறுத்துவிட்டார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் சாப்பாடு போய்விடும் என்று அவர் கவலைப்பட்டதாகச் சொல்வார்கள். பாவம் லீ... பிரான்சுக்குப் போனார். அங்கே ஆதரவு கொடுத்த மன்னர் நான்காம் ஹென்றியும் 1610ல் கொல்லப்பட்டார். தன் எந்திரம் உலகை ஆளப்போவதைப் பார்க்காமலேயே லீ இறந்து போனார்.

விட்ட இடத்துக்கு வருவோம். எந்திரத்திலிருந்து வரும் குழாயின் நுனி, அதாவது விரல்கள் இருக்கும் இடம், திறந்தே இருக்கும். அதை மூடித் தைக்க வேண்டும். மலிவான சாக்ஸில் தடதடவென்று ஒரே ஓட்டாகத் தைத்து விடுவார்கள். உள்ளே கயிறு போல ஒரு மேடு நிற்கும். ஷூவுக்குள் அந்த மேடு சுண்டுவிரலை நாள் முழுக்க உரசிக் கொண்டே இருக்கும். நல்ல சாக்ஸில் ஒரு பக்க வளையத்தை எதிர்ப்பக்க வளையத்தோடு கோத்து, தட்டையாக மூடியிருப்பார்கள். கண்ணால் பார்க்கக்கூட வேண்டாம். கையை உள்ளே விட்டு விரலால் தடவினாலே தெரியும். என்னைக் கேட்டால், கடையில் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் என்றால் இதைச் செய்யுங்கள். "அண்ணே, ஒண்ணு பிரிச்சுக் காட்டுங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை.

இன்னும் இரண்டு நிமிடம் இருந்தால் சாக்ஸை மேசையில் தட்டையாக வையுங்கள். குதிகால் பக்கம் ஒரு சின்னப் பை போலப் புடைத்து நிற்கிறதா? அது குதிகாலுக்கென்றே பின்னிய இடம். சில சாக்ஸ்கள் அது இல்லாமல் நேர்க்குழாயாக இருக்கும். அவை நடக்க நடக்க ஷூவுக்குள் நழுவி, பாதத்தின் கீழ் சுருண்டு கொள்ளும். அப்புறம் குதிகாலையும் விரல் நுனியையும் வெளிச்சத்தில் பிடியுங்கள். மற்ற இடத்தைவிட வெளிச்சம் குறைவாகத் தெரிந்தால், அங்கே கூடுதல் நூல் போட்டிருக்கிறார்கள். முதலில் ஓட்டை விழுவதே அந்த இரண்டு இடங்களில்தானே!

மேல் பட்டி இறுக்கமாக இருந்தால்தான் நல்லது என்று நினைக்காதீர்கள். சாயங்காலம் கழற்றும்போது காலைச் சுற்றி ஆழமான தடம் விழுந்து, நெடுநேரம் மறையாமல் இருந்தால் அந்த சாக்ஸ் உங்களுக்குச் சின்னது. 'ஃப்ரீ சைஸ்' என்பதை நம்பி மூன்றாம் வகுப்புத் தம்பிக்கும் எட்டாம் வகுப்பு அக்காவுக்கும் ஒரே சாக்ஸ் வாங்கினால், ஒருவருக்கு விரல் மடங்கும். இன்னொருவருக்குக் குதிகால் கணுக்காலில் வந்து நிற்கும்.

அடுத்து, காசு விஷயம். ஒரு கணக்குப் போடுவோமா? எடுத்துக்காட்டாக 30 ரூபாய் சாக்ஸ் 40 முறை போட்டதும் தொளதொளத்து விட்டது என்று வையுங்கள். ஒரு முறைக்கு 75 காசு. 90 ரூபாய் சாக்ஸ் 150 முறை உழைத்தால் ஒரு முறைக்கு 60 காசு. 200 ரூபாய் சாக்ஸ் 160 முறை என்றால் 1 ரூபாய் 25 காசு! விலை குறைந்ததும் லாபமில்லை, அதிகமானதும் லாபமில்லை. உங்கள் வீட்டு சாக்ஸ் எத்தனை முறை உழைக்கிறது என்று காலண்டரில் குறித்து வந்தால் இந்தக் கணக்கில் உண்மையான எண்ணைப் போடலாம். இன்னொன்று... அடுத்த ஜூனில் உங்கள் பாதம் இதே அளவில் இருக்காது. மூன்று வருடம் உழைக்கும் சாக்ஸுக்குப் பணம் கொடுப்பது வீண்.

ஸ்டைல்? பள்ளிக்கு நிறத்தை ஸ்கூல்தான் முடிவு செய்யும். லீவு நாளில் பச்சை, மஞ்சள், புலி முகம்... உங்கள் இஷ்டம். ஆனால் விரல் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு!

எவ்வளவு நல்ல சாக்ஸும் நேற்றுப் போட்டதையே இன்றும் போட்டால் நாறத்தான் செய்யும். வியர்வைக்கு அவ்வளவாக நாற்றம் கிடையாது. அதைத் தின்னும் பாக்டீரியாக்கள்தான் அந்த 'மணத்தை' உண்டாக்குகின்றன. தினமும் உள்பக்கம் திருப்பித் துவைத்து, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயப் போடுங்கள். சூடு அதிகமானால் ஸ்பான்டெக்ஸ் உயிரை விட்டுவிடும்.

கடைசியாக ஒரு தந்திரம். மூன்று ஜோடி வாங்குவதாக இருந்தால் மூன்றையும் ஒரே வகையாக, ஒரே நிறத்தில் வாங்குங்கள். ஒன்று கிழிந்தாலோ, கொடியிலிருந்து பறந்து பக்கத்து வீட்டுக்குப் போனாலோ ஒரு ஜோடி முழுக்க வீணாகாது. மீதி ஐந்தில் எந்த இரண்டும் ஜோடி சேரும். தனியாக மிஞ்சும் அந்த ஒற்றை சாக்ஸ்? கையில் உறையாக மாட்டிக் கொண்டு ஷூவைத் துடைத்துப் பாருங்கள், பாலிஷ் என்னமாய் ஏறுகிறது!