காப்பி பூத்த மலையில் சைக்கிள் சவாரி

ஏற்காட்டுக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், எல்லோரும் கேட்பது, "ஏரியில் போட்டிங் போனீங்களா? லேடீஸ் சீட் பார்த்தீங்களா?" என்றுதான். நாங்கள் இரண்டுக்கும் போகவில்லை. ஊரைவிட்டு விலகி, காப்பித் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு ஓடும் 32 கிலோமீட்டர் வட்டப் பாதையில், பங்குனி மாதத்தில் ஒரு நாள் முழுக்க சைக்கிள் மிதித்தோம். நானும் என் நாத்தனாரும். எனக்கு வயது 45, அவளுக்கு 42. "இந்த வயசுல இதென்ன கூத்து?" என்று மாமியார் கேட்டார். சமையலை முடித்து வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

சைக்கிள் எனக்குப் புதிதல்ல. பிறந்தகம் புதுக்கோட்டைப் பக்கம். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கத்தார் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்கு எங்கே போவது? ஆண்கள் ஓட்டும் பெரிய வண்டியிலேயே, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் அம்மா பழகினாள். அவள் விட்ட வண்டியை எடுத்து நானும் குரங்குப் பெடல் போட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு தொடவில்லை. போன வருஷம்தான், பையன் ஓரங்கட்டிய கியர் சைக்கிளைத் துடைத்து எடுத்தேன்.

சேலத்திலிருந்து மலையேற 20 கொண்டை ஊசி வளைவுகள். அதையும் மிதித்தே ஏறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நமக்கு எதற்கு அந்த வீராப்பு? வண்டிகளை மினி வேனில் கட்டிக்கொண்டு மேலே போய் இறங்கினோம். அங்கே உயரம் சுமார் 5,000 அடி. காலை ஏழு மணிக்கு ஸ்வெட்டர் வேண்டியிருந்தது, ஒன்பதுக்கெல்லாம் கழற்றி இடுப்பில் கட்டியாயிற்று.

சுடிதார்தான் வசதி. துப்பட்டா சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முழங்கால் வலிக்காரர்கள் சீட்டின் உயரத்தைக் கவனிக்க வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கினால் சரியான உயரம். சீட் தாழ்ந்திருந்தால் வலி வரும். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்கணும். முன் பிரேக்கை மட்டும் சட்டென்று அழுத்தினால் ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். இருதயக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் மலைப்பாதைக்கு வரவேண்டாம்.

ஏற்றம் வந்த இடத்தில் இறங்கித் தள்ளினோம். இதில் என்ன வெட்கம்? தள்ளிக்கொண்டு நடந்தபோதுதான் அந்த வாசனை வந்தது. "அண்ணி, இங்க எங்கேயோ மல்லிப்பூ!" என்றாள் நாத்தனார். ஒரு திருப்பம் தாண்டியதும் தெரிந்தது, மல்லி இல்லை. சரிவு முழுக்கக் காப்பிச் செடி, கிளைக்குக் கிளை வெள்ளையாகப் பூச்சரம் கட்டிவிட்ட மாதிரி! மேலே நிழலுக்கு உயரமான சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் மிளகுக்கொடி. தேனீக்களின் ரீங்காரம் ரோடு வரைக்கும் கேட்டது. காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இதில் எது கிடைக்கும், சொல்லுங்கள்!

வேலியோரம் ஒரு மலையாளி இனத்து அம்மா நின்றிருந்தார். சேர்வராயன் மலையின் பழங்குடிகள் அவர்கள், பேசுவது தமிழ்தான். அரை ஏக்கர் காப்பி வைத்திருக்கிறார். எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அந்தப் பூவின் கணக்கையும் சொன்னார். மொட்டு விட்டுவிட்டு செடி மழைக்காகக் காத்திருக்குமாம். ஒரு அங்குலமாவது நன்றாக நனைத்தால் எட்டு, பத்து நாளில் ஒரே சமயத்தில் பூத்துவிடும். மூன்று நாலு நாள்தான் இந்த அழகு. பூத்திருக்கும்போது பெருமழை அடித்தாலும் கெடுதல். ஆனால் பூ உதிர்ந்து சில வாரத்துக்குள் இன்னொரு மழை வேண்டும், இல்லையென்றால் பிஞ்சு நிற்காது. அதெல்லாம் கூடி வந்தால் கார்த்திகை, மார்கழியில் பழம் பறிக்கலாம்.

"எனக்கு மழை பேஞ்சிருச்சும்மா. அந்தாண்ட சரிவுல எந்தம்பி தோட்டம், வெறும் தூத்தலோட போயிருச்சு. போய்ப் பாருங்க" என்றார்.

பார்த்தோம். இரண்டு வளைவுதான் தள்ளி. அதே செடி, அதே நிழல், மொட்டெல்லாம் பச்சையாக மூடிக்கொண்டு நின்றன. பெரிய எஸ்டேட்காரர்கள் குளத்துத் தண்ணீரை ஸ்ப்ரிங்க்ளரில் தெளித்து பூக்க வைத்துவிடுகிறார்கள். அரை ஏக்கர்காரர் வானத்தைத்தான் பார்க்கணும். தினமும் இரண்டு வேளை டிகாக்‌ஷன் இறக்குகிறோம், இது எனக்குத் தெரியாது.

மதியம் பலா மரத்தடியில் புளியோதரை. பிஞ்சுப் பலாக்கள் தலைக்கு மேலே தொங்கின. பாதி தூரம் மிதித்தோம், பாதி தள்ளினோம் என்றுதான் சொல்ல வேண்டும். சாயங்காலம் நாலரைக்கு வட்டம் முடிந்தது. மறுநாள் தொடை வலித்தது, முழங்கால் வலிக்கவில்லை.

அந்த அம்மாவின் போன் நம்பரை வாங்கி வந்திருந்தேன். சித்திரை பிறந்து ஒரு ராத்திரி சேலத்தில் நல்ல இடி, மழை. காலையில் முதல் வேலையாகக் கூப்பிட்டேன்.

"பேஞ்சுதும்மா. இந்த வாட்டி தம்பி பக்கமும் பேஞ்சுது. அவனுக்கு இனிமேத்தான் பூக்கணும். எனக்குப் பிஞ்சு நின்னுரும்" என்றார்.