எண்ணி வாங்குக

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஈரூர்களின் சாலைப் பணிகளையும் ஒரே சர்வரில் கண்காணிக்க வேண்டுமெனக் கொள்வோம். பொறி வாங்குமுன் செய்யத்தக்கவை இரண்டு.

ஒன்று, தரவுத்தளத்தை அளவிடல். பணிகள், அன்றாடக் குறிப்புகள், வரைபடங்கள், அவற்றைக் காக்கவேண்டிய ஆண்டுகள் ஆகியவற்றைக் கணக்கிட்டு, மாற்றுப்படிக்கும் இடம் ஒதுக்குக.

மற்றொன்று உரிமம். மைக்ரோசாப்ட் எஸ்.க்யூ.எல். சர்வரின் ஸ்டாண்டர்டு பதிப்பைச் சர்வருக்கு ஒன்றும் பயனர் தலைக்கு ஒன்றுமாகப் பெறலாம். செயலியின் கோர்களை எண்ணியும் பெறலாம். பயனர் சிலரெனில் முன்னதும், பலரெனில் பின்னதும் சிக்கனம். தலைக்கணக்கில், திண்டிவனத்தார் 40 பேர் இடையேயுள்ள ஒரே மென்பொருள் வழியாக நுழைந்தாலும் உரிமம் 40 வேண்டும். பேருந்துக்கு வாயில் ஒன்றாயினும் சீட்டு ஆளுக்கொன்றன்றோ?

திட்ட மேலாண்மை மென்பொருள் ஏற்குமாயின், உரிமக் கட்டணமற்ற போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லைக் கொள்ளலாம். ஆயினும் அதனைப் பேணத் தெரிந்தவர் வேண்டும். செலவாவது மக்கள் வரிப்பணம். எண்ணியபின் வாங்குதலே அறிவுடைமை.