சிறிய சில்லும் சரியான கணக்கும்

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் மொழி. வீணாகப் போகும் பொருளுக்கே அளவு வேண்டுமென்றால், உயிரையும் எரிபொருளையும் பணயமாக வைத்து ஓடும் வாகனத்துக்கு அளவு எத்துணை இன்றியமையாதது! ஆயினும் வவுனியா - மன்னார் வீதியில், எங்கள் பூவரசங்குளச் சந்தியில் சிறிது நேரம் நின்று பார்ப்போமானால், வேகமானியின் முள் அசையாமலே ஓடிச் செல்லும் ஸ்கூட்டர்கள் சில கண்ணிற் படும். கேட்டால், 'கேபிள் அறுந்து பல மாதமாயிற்று' என்பர். அத்தகையோருட் சிலர் துவிச்சக்கர வண்டிக்கென விற்கப்படும் சிறிய மின்னணு வேகமானியை வாங்கித் தம் வாகனத்திற் பூட்டுகின்றனர். இது தகுமா, தகுமாயின் எவ்வாறு செய்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் இக்கருவியின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த கேர்ட்டிஸ் வீடர் என்பார் துவிச்சக்கர வண்டிக்கான தூரமானி ஒன்றை ஆக்கினார். சில்லின் கம்பியிற் பொருத்திய சிறு முளை, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை, நட்சத்திர வடிவான பற்சில்லைத் தட்டும், இலக்கங்கள் நகரும். இவ்வகைத் தூரமானிகள் 26 அங்குலச் சில்லுக்கு ஒன்று, 28 அங்குலச் சில்லுக்கு வேறொன்று எனத் தனித்தனியே விற்கப்பட்டன. 1902இல் ஜெர்மானியரான ஒட்டோ ஷூல்ட்சே சுழலும் காந்தம் ஓர் உலோகக் கிண்ணத்தை இழுத்து முள்ளை நகர்த்தும் வேகமானிக்கு உரிமம் பெற்றார். கேபிள் பூட்டிய நமது பழைய ஸ்கூட்டர்களின் வேகமானி அதன் வழிவந்ததே. 1936இல் வோல்ட்டர் எல்வூட் என்னும் அமெரிக்கர், கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த இரு மெல்லிய தகடுகள் காந்தம் நெருங்கியதும் ஒன்றையொன்று தொடும் காந்த ஆளியைக் கண்டுபிடித்தார். துவிச்சக்கர வண்டியின் மின்னணு வேகமானிகள் பலவற்றின் உயிர்நாடி அந்த ஆளியே.

நேயர்களே, இங்கே ஓர் உண்மையை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். இந்தக் கருவிக்கு வேகம் தெரியாது; வீதியும் தெரியாது. சில்லிலுள்ள காந்தம் எத்தனை முறை கடந்து சென்றது, எவ்வளவு நேரத்திற் கடந்தது என்பவை மாத்திரமே அதற்குத் தெரியும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதை நாம்தான் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தத் தூரமே சில்லின் பரிதி. நாம் பிழையாகச் சொன்னால், கருவியும் அப்பிழையைத் தவறாமல் திருப்பிச் சொல்லும்.

28 அங்குலத் துவிச்சக்கர வண்டிச் சில்லின் பரிதி ஏறத்தாழ 2,220 மில்லிமீற்றர். 90/100-10 எனக் குறித்த ஸ்கூட்டர் ரயரின் பரிதியோ ஏறத்தாழ 1,360 மில்லிமீற்றரே. முன்னதற்கென அமைத்த கருவியை மாற்றாமற் பின்னதிற் பூட்டினால், 30 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும்போது அது 49 எனக் காட்டும்; 10 கிலோமீற்றர் ஓடினால் 16 கிலோமீற்றருக்கு மேல் எனக் கூறும். இதனாலும் ஆபத்தானது மறுதலைப் பிழை. 940 மில்லிமீற்றர் அளவிலான சிறுவர் வண்டிச் சில்லுக்கு அமைத்ததைப் பூட்டினால், 50 கிலோமீற்றர் வேகத்தை 35 என்றே காட்டும். பாடசாலை விடும் நேரத்தில் அந்தப் பொய்யை நம்பி வருபவரால் விளையக்கூடியதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆகவே பரிதியை அளந்தே அறிதல் வேண்டும். ரயருக்கு உரிய அளவு காற்றை அடித்து, ஓட்டுபவர் அமர்ந்த நிலையிலேயே, சீமெந்துத் தரையிற் சில்லின் வால்வு கீழே நிற்கும் இடத்தில் ஒரு கோடிடுக. பின் வாகனத்தை நேராகப் பத்துச் சுற்று உருட்டி மறு கோடிடுக. இடைத்தூரம் 13 மீற்றர் 45 சென்ரிமீற்றர் என்றால், ஒரு சுற்று 1,345 மில்லிமீற்றர். ஆள் பாரத்தால் ரயர் சற்றே அமிழ்வதனால் இது கணக்கிட்ட அளவிலும் குறையும். சிறிய சில்லில் இன்னொன்றும் உண்டு. ரயர் 3 மில்லிமீற்றர் தேய்ந்தால் பெரிய சில்லில் ஏற்படும் வழு ஒரு வீதத்துக்கும் குறைவு. இதிலோ ஏறத்தாழ ஒன்றரை வீதம். எனவே புதிய ரயர் போடும்போது மீண்டும் அளத்தல் நன்று.

பூட்டும் முறையிலும் கவனம் வேண்டும். ஸ்கூட்டர் சில்லில் மெல்லிய கம்பிகள் இல்லை. காந்தத்தை உறுதியான பசையால் ஒட்டுதல் வேண்டும். பிறேக் உறைக்கு அருகில் ஒட்டலாகாது. சாதாரண நியோடிமியக் காந்தம் 80 பாகை வெப்பத்துக்கு மேல் வலிமை இழக்கத் தொடங்கும். காந்தத்தை உணரும் பகுதியைச் சில்லுடன் சேர்ந்து ஏறி இறங்கும் உறுப்பில், காந்தத்திலிருந்து சில மில்லிமீற்றர் இடைவெளியிற் பொருத்துக. கம்பியில்லா வகையை எரிபற்று முறைமையின் மின்பொறி குழப்பக்கூடும். ஆதலாற் கம்பியுள்ள வகையே ஏற்றது. கைபிடியை இருபுறமும் முற்றாகத் திருப்பி, கம்பி சில்லிற் சிக்காதிருப்பதை உறுதி செய்தபின்னரே வீதிக்கு இறங்குக.

இறுதிச் சோதனைக்கு வீதியோரக் கிலோமீற்றர்க் கற்களே போதும். 5 கிலோமீற்றர் ஓடியபோது கருவி 5.10 எனக் காட்டினால், பதித்த பரிதியை 5ஆற் பெருக்கி 5.10ஆல் வகுக்க, 1,345 என்பது 1,319 ஆகும். இதற்கு விஞ்ஞானப் பட்டம் வேண்டியதில்லை. கலைகள் பயின்ற என் போன்றோர்க்கும் எட்டும் கணக்கே இது. வட்டத்தின் பரிதியை மாணவர்க்குக் கற்பிக்க இதனினும் நல்ல பாடம் கிடைப்பதரிது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை நாம் மறந்துவிடவில்லை. கியூஆர் அட்டை முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோலே கிடைத்தது. லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் வாகனம் 4 லீற்றரில் 180 கிலோமீற்றர் ஓடும். பிழையான கருவியோ அதனை 294 எனக் காட்டும். அதனை நம்பி ஐந்து நாட் பயணத்தைத் திட்டமிடும் ஆசிரியர், நான்காம் நாளிலேயே நடுவழியில் நிற்பார். அவருடைய வகுப்புப் பிள்ளைகளோ ஆசிரியரின்றி இருப்பர்.

வேகமானி பற்றிய ஐக்கிய நாடுகளின் 39ஆம் இலக்க ஒழுங்குவிதி, காட்டும் வேகம் உண்மை வேகத்திலும் ஒருபோதும் குறைதலாகாது என்கிறது. பத்திலொரு பங்குடன் 4 கிலோமீற்றர் வரை மிகுதியாகக் காட்டலாம். எச்சரிக்கையின் பக்கம் சாய்ந்த பிழையை மட்டுமே அவ்விதி பொறுக்கின்றது.

வாகனத்தோடு வந்த வேகமானியைப் பழுதுபார்த்தலே முதற் கடமை. அது கைகூடும்வரை இச்சிறு கருவி நல்ல துணைவன். ஆனால் அளவின்றிப் பூட்டிய அளவுகருவி, கருவியே இல்லாமையிலும் கேடானது. கருவி இல்லாதவன் ஐயத்தோடு மெல்லச் செல்வான். பொய்க் கருவி உடையவனோ துணிவோடு விரைவான்.