நகரங்களின் முகம்: ஜேர்மனியப் பேரரசுக்கால வெள்ளி நாணயங்கள்

நாணயம் சேர்த்தலை வீண்பொழுது போக்கென்பாருளர். அரசியலையும் ஊர்ப் பெருமையையும் ஒரு சிறு வெள்ளி வட்டத்திற் படித்தறியும் கல்வியென்றே நாம் அதனைக் கொள்வோம். அக்கல்விக்குச் சாலவும் ஏற்றன, 1871 முதல் 1918 வரை நிலவிய ஜேர்மனியப் பேரரசின் வெள்ளி நாணயங்கள்.

அப்பேரரசில் 25 அரசுகள் இணைந்திருந்தன. அவற்றுள் 22 முடியாட்சிக்கு உட்பட்டவை; ஹம்பேர்க், பிறேமன், லூபெக் என்னும் மூன்றும் மன்னரில்லாச் சுதந்திர நகரங்கள். 1873ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் மார்க் என்னும் நாணயத்தை யாவர்க்கும் பொதுவாக்கிற்று. ஆயினும் 2 மார்க், 5 மார்க், 1908 முதல் வெளிவந்த 3 மார்க் ஆகியவற்றின் ஒருபுறத்திற் பேரரசின் கழுகும், மறுபுறத்தில் அந்தந்த அரசின் அடையாளமும் அமைந்தன. மன்னர்கள் தம் முகத்தைப் பொறித்தனர். மன்னரில்லா நகரங்களோ தம் சின்னத்தையே முகமாகக் கொண்டன: ஹம்பேர்க் மூன்று கோபுரக் கோட்டையையும், பிறேமன் திறவுகோலையும், லூபெக் இருதலைக் கழுகையும் பொறித்தன.

சின்னத்தின் கீழுள்ள சிற்றெழுத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். அது நாணயம் அடித்த அக்கசாலையின் குறி. 'ஏ' பேர்லினையும், 'டி' மியூனிக்கையும், 'ஜே' ஹம்பேர்க்கையும் குறிக்கும். பிறேமன் 1904இல் 2 மார்க்கும், 1906இல் 5 மார்க்கும் மாத்திரமே வெளியிட்டது. இரண்டிலும் காண்பது 'ஜே'. லூபெக்கின் நாணயங்களிற் காண்பது 'ஏ'. எனவே சின்னம் உரியவரைச் சொல்லும். எழுத்து அடித்த இடத்தைச் சொல்லும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே சேகரிப்போர்க்கு முதற்பாடம்.

இரண்டாம் பாடம் நிறை. இந்நாணயங்களில் 1000க்கு 900 பங்கு வெள்ளி. மார்க் ஒன்றுக்கு 5 கிராம் தூய வெள்ளி என்பது கணக்கு. ஆகவே 5 மார்க் நாணயத்தில் 25 கிராம் தூய வெள்ளியுண்டு. அதன் மொத்த நிறை ஏறத்தாழ 27.78 கிராம். தேய்வினாற் சிறிது குறையலாம். பெரிதும் வேறுபடின் போலியென ஐயுறுக. 3 மார்க், 5 மார்க் நாணயங்களின் விளிம்பிற் 'கடவுள் நம்முடன்' எனப் பொருள்படும் ஜேர்மன் சொற்கள் உள்ளனவா என்பதையும் பார்த்தல் நன்று.

மூன்றாம் பாடம் அடக்கம். குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவதுபோல் பழைய வெள்ளியைத் துலக்கலாகாது. காலம் படிவித்த கருமையோடு நுண்ணிய பொறிப்பும் தேய்ந்து போம், போனது மீளாது. விளிம்பைப் பற்றி எடுத்து, உலர்ந்த இடத்திற் காத்தலே போதும்.

முதலாம் உலகப் போரின்பின் இவ்வெள்ளி வழக்கொழிந்தது. ஹம்பேர்க்கும் பிறேமனும் இன்றும் ஜேர்மனியில் தனி மாநிலங்களாக விளங்குகின்றன. ஹம்பேர்க் அக்கசாலை இன்றைய யூரோ நாணயத்திலும் 'ஜே' எழுத்தையே பொறிக்கின்றது. லூபெக்கோ 1937இல் தன் தனியுரிமையை இழந்தது. பல நூற்றாண்டுகள் தன்னைத் தானே ஆண்ட அந்நகரின் பெயரை, ஓர் அரசின் பெயராக இன்றும் தாங்கி நிற்பது இச்சிறு வெள்ளியே. அதனைப் பேணுவோர் பொருளை மட்டுமன்றி, ஒரு நகரின் நினைவையும் பேணுகின்றனர்.