கள்ளப் போதகரைக் கண்டுகொள்வது எப்படி?

1978-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி.

தென் அமெரிக்காவில் உள்ள கயானா நாட்டின் நடுக்காட்டில் ஒரு பெரிய கொட்டகை. அங்கே ஒரு தொட்டி நிறைய திராட்சைச் சுவை பானம். அதில் கலந்திருந்தது, சயனைடு விஷம்!

முதலில் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு பெரியவர்கள். தப்பி ஓட முடியாதபடி சுற்றிலும் துப்பாக்கிக் காவல். அன்று அந்தக் குடியிருப்பில் மட்டும் 909 பேர் பிணமானார்கள். அவர்களில் சுமார் 300 பேர் குழந்தைகளும் சிறுவர்களும்.

அவர்களைச் சாகச் சொன்னவன் ஜிம் ஜோன்ஸ். கிறிஸ்தவ போதகனாக வாழ்க்கையைத் தொடங்கியவன்.

நல்லவனாக வந்தான்

அவன் கொலைகாரனாக வரவில்லை. நல்லவனாகத்தான் வந்தான்.

1950-களில் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் சபை தொடங்கினான். கறுப்பரும் வெள்ளையரும் அங்கே அருகருகே உட்கார்ந்து ஆராதனை செய்தார்கள். அந்தக் காலத்தில் அது அபூர்வம். ஏழைகளுக்குச் சோறு போட்டான். பின்னர் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தான். சான்பிரான்சிஸ்கோ நகர வீட்டு வசதி ஆணையத்துக்கே தலைவன் ஆனான். அரசியல் தலைவர்கள் அவனோடு கை குலுக்கினார்கள்.

'புற்றுநோயைக் குணப்படுத்துகிறேன்' என்றான். நோயாளியின் உடம்பில் இருந்து கட்டி வெளியே வந்துவிட்டதாக எடுத்தும் காட்டினான். அந்தக் 'கட்டி' வேறு ஒன்றும் அல்ல. கெட்டுப்போன கோழி ஈரலும் குடலும்தான்!

ஜனங்கள் நம்பினார்கள். வீடுகளை எழுதிக் கொடுத்தார்கள். முதியவர்கள் தங்கள் ஓய்வூதியத்தைக் கொடுத்தார்கள். அவனை 'அப்பா' என்று அழைத்தார்கள். தவறு செய்ததாகச் சொல்லப்பட்டவர்களுக்கு சபையின் நடுவில் அடி விழுந்தது.

1977-ல் ஒரு பத்திரிகை குட்டை உடைக்கத் தயாரானது. உடனே ஜோன்ஸ் கயானாவுக்குப் போய்விட்டான். நூற்றுக்கணக்கானவர்கள் பின்னாலேயே போனார்கள். அங்கே அவர்களுடைய பாஸ்போர்ட்டுகள் பறிக்கப்பட்டன.

நிலைமையை நேரில் பார்க்க அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயான் வந்தார். சிலர் அவரோடு ஊர் திரும்பப் புறப்பட்டார்கள். விமான ஓடுதளத்தில் அவரும் மற்றும் 4 பேரும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அன்று மாலையே விஷம் வந்தது.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2023-ல் கென்யாவில் ஷகாஹோலா காட்டில் 400-க்கும் மேற்பட்ட உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. பட்டினி கிடந்தால் இயேசுவைக் காணலாம் என்ற போதனையை நம்பிப் போனவர்கள் அவர்கள்.

முதல் கிறிஸ்தவர்களின் சோதனை

இந்த ஆபத்து முதல் கிறிஸ்தவர்களுக்கும் இருந்தது. 'திதாக்கே' என்ற சிறு நூல் அவர்கள் காலத்தது. சுமார் 1900 ஆண்டுப் பழமை உடையது. அதன் பழைய கையெழுத்துப் பிரதி 1873-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டது.

ஊர் ஊராக வரும் போதகரை எப்படிச் சோதிப்பது என்று அது சொல்கிறது. ஒரு நாள் தங்கலாம். அவசியமானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் போலி! புறப்படும்போது வழிக்கு ரொட்டி கொடுக்கலாம். பணம் கேட்டால் அவர் போலி! பிறருடைய வறுமைக்காகக் கேட்டால் மட்டும் குறை சொல்லக் கூடாது. போதிப்பதை அவரே செய்யாவிட்டாலும் போலிதான்.

கவனியுங்கள். பேச்சு இனிக்கிறதா, அற்புதம் நடக்கிறதா என்று அந்த நூல் கேட்கவில்லை. நடத்தை எப்படி என்றுதான் கேட்கிறது.

பெரோயா என்ற ஊர் மக்களை வேதாகமம் பாராட்டுகிறது. ஏன்? பவுலே வந்து போதித்தபோதும், அது சரிதானா என்று அவர்கள் தினமும் வேதத்தை ஆராய்ந்து பார்த்தார்கள். பவுலுக்கே அந்தச் சோதனை என்றால், மற்றவர்கள் எம்மாத்திரம்?

மூன்று கேள்விகள்

பிழைப்பைத் தேடி பெங்களூருக்கும் மும்பைக்கும் வந்தவர்களுக்கு, தமிழில் ஒரு ஜெபம் காதில் விழுந்தாலே மனம் இளகிவிடும். உற்றார் உறவினர் பக்கத்தில் இல்லை. யோசனை கேட்க ஆளும் இல்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிவிடுவது சுலபம். ஆகவே, மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: காணிக்கைக்குக் கணக்கு உண்டா? அதைப் போதகரும் அவருடைய குடும்பமும் தவிர வேறு யாராவது பார்க்கிறார்களா?

இரண்டு: கேள்வி கேட்டால் பதில் வருகிறதா, சாபம் வருகிறதா?

மூன்று: சபையை விட்டுப் போக நினைத்தால் கதவு திறந்திருக்கிறதா? பெற்றோரோடும் பழைய நண்பர்களோடும் பேசக் கூடாது என்று தடுக்கிறார்களா?

இவற்றோடு இன்னொன்று. 'மருந்தை நிறுத்து, விசுவாசம் போதும்' என்று யார் சொன்னாலும், அங்கே ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். சர்க்கரை நோயாளி ஊசியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஜெபம் செய்ய மாத்திரை தடை அல்ல.

இப்படிக் கேட்பது அவிசுவாசம் ஆகாது. உண்மையான போதகர் இதற்குக் கோபப்பட மாட்டார். கணக்குப் புத்தகத்தை எடுத்து முன்னால் வைப்பார். கோபப்படுகிறவரிடம்தான் எச்சரிக்கை தேவை.